வீடில்லாத முகவரிகள்

1992ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். எங்கள் வீட்டில் இரவுச் செய்தி கேட்பதற்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். பின்சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் வானொலிப் பெட்டிக்குப் போகும். சுற்றுவது என் வேலை, கேட்பது அப்பாவின் வேலை. என் கை சோர்ந்தால் பிபிசி தமிழோசை அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போலத் தேய்ந்துவிடும். "தம்பி, விடாமல் சுத்து" என்று அப்பா பெட்டியைக் காதோடு அணைத்துக்கொள்வார். எனக்கு அப்போது 13 வயது.

ஒருநாள் சுற்றிக்கொண்டே கேட்டேன். "லண்டனிலை இருந்து கதைக்கிறவைக்கு நாங்கள் கேக்கிறது தெரியுமோ அப்பா?"

"தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியாமல் இருக்கிறதுதான் நல்லது" என்றார்.

பத்து வருடம் கழித்து நான் அதே லண்டனில் கணினி வலையமைப்பில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு குளிர்கால மாலை விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு எண்ணை எழுதினார். 224.0.0.1. "இது எந்தக் கணினியின் முகவரியும் அல்ல. இனி எந்தக் கணினிக்கும் இதைக் கொடுக்கவும் முடியாது" என்றார். எனக்கு அந்த டைனமோவின் உரசல் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து இந்த எண்கள் என்னைத் துரத்துகின்றன. இன்று ரொறொன்ரோவில் எனக்குச் சோறு போடுவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அவற்றின் கதை நம்மைப் போன்ற, தொலைவிலிருந்து ஒன்றாகக் கேட்கிற ஆட்களுக்குச் சம்பந்தமில்லாதது அல்ல என்று எனக்குத் தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் ஒரு செய்தி பொதுவாகக் கடிதத்தைப் போலத்தான் போகிறது. உறையின் மேல் அனுப்புகிறவரின் எண்ணும் பெறுகிறவரின் எண்ணும் இருக்கும். இதை யூனிகாஸ்ட் என்பார்கள். ஆயிரம் பேருக்கு ஒரே செய்தி போக வேண்டுமென்றால் ஆயிரம் உறை, ஆயிரம் பிரதி. இதற்கு நேரெதிரானது பிராட்காஸ்ட். பறையறைவது போல அந்தத் தெருவிலுள்ள எல்லோர் காதிலும் விழும். வேண்டாதவரும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு ஒருகணம் கேட்டே ஆகவேண்டும். சின்னத் தெருவுக்கு அது சரி. உலகத்துக்குச் சரிவராது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று வேண்டியிருந்தது 1980களின் தொடக்கத்தில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில். அங்கே டேவிட் செரிட்டன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் வி என்ற இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். பல கணினிகள் சேர்ந்து ஒரே கணினி போல வேலை செய்யவேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கு ஒரு கணினி மற்றவற்றில் சிலவற்றை மட்டும் கூட்டாக அழைத்துப் பேசவேண்டும். ஒரே ஈதர்நெட் கம்பியில் இருக்கும்வரை சிக்கலில்லை. ஈதர்நெட்டுக்குக் குழு முகவரி என்பது பிறவியிலேயே உண்டு. கணினிகள் வளாகத்தின் வேறுவேறு பகுதிகளுக்குப் போய், நடுவில் ரவுட்டர்கள் வந்தபோதுதான் பேச்சு நின்றது. ரவுட்டருக்குத் தனி முகவரிகள் மட்டுமே தெரியும். குழு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

ரவுட்டருக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் வேலை ஸ்டீவ் டீரிங் என்ற மாணவருக்கு வந்தது. 1985 டிசம்பரில் அவரும் செரிட்டனும் சேர்ந்து எழுதிய ஆவணம் ஆர்எஃப்சி 966 என்ற எண்ணில் வெளியானது. திருத்தித் திருத்தி 1989 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1112 ஆக அது நிலைபெற்றது. 1991இல் முனைவர் பட்ட ஆய்வேடாகவும் ஆனது. தொழில்நுட்ப ஆவணங்களை இலக்கியமாக வாசிக்கச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆர்எஃப்சி 1112ஐ நான் மூன்று நான்கு தடவை வாசித்திருக்கிறேன். இருபது பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற எழுத்து. எந்த இடத்திலும் அனுமதி என்ற பேச்சே அதில் இல்லை.

டீரிங்கின் ஏற்பாடு இதுதான். இணைய முகவரி என்பது 32 பிட் நீளமுள்ள எண். அதன் முதல் நான்கு பிட் 1110 என்று இருந்தால் அது ஆளின் முகவரி அல்ல, குழுவின் முகவரி. 224.0.0.0இல் தொடங்கி 239.255.255.255 வரைக்கும் உள்ள எண்கள் அனைத்தும் இதற்காக ஒதுக்கப்பட்டன. மொத்தம் 26 கோடியே 84 லட்சத்துக்கும் மேல், அதாவது அன்றைய இணைய முகவரிகள் முழுவதிலும் பதினாறில் ஒரு பங்கு. இந்த எண்களுக்குப் பின்னால் வீடு கிடையாது. வேண்டியவர் வந்து சேரலாம், விரும்பியபோது போகலாம். குழு உலகத்தின் எந்த மூலையிலும் பரவி இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம். அனுப்புகிறவர் குழுவில் உறுப்பினராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

சேர்வது எப்படி? உங்கள் கணினி பக்கத்து ரவுட்டரிடம் "இந்த எண்ணுக்கு வருவது எனக்கு வேண்டும்" என்று சொல்லும். இந்தச் சின்னப் பேச்சுக்கு ஐஜிஎம்பி என்று பெயர். ரவுட்டர் அவ்வப்போது எல்லோரையும் பார்த்து "இன்னும் யாராவது கேட்கிறீர்களா?" என்று விசாரிக்கும். இங்கேதான் எனக்குப் பிடித்த நுணுக்கம் வருகிறது. விசாரணை வந்ததும் யாரும் உடனே கையைத் தூக்குவதில்லை. ஒவ்வொரு கணினியும் பத்து விநாடிக்குள் தானாக ஒரு தாமதத்தைத் தேர்ந்து காத்திருக்கும். அதற்குள் வேறொரு கணினி அதே குழுவுக்கு "நான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டால் மற்றவை வாயை மூடிக்கொள்ளும். ரவுட்டருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இந்தத் தெருவில் ஒருவராவது கேட்கிறாரா, இல்லையா. அது ஒருவரா ஐந்நூறு பேரா, யார் யார் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. வீண்பேச்சைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் அதன் பக்கவிளைவாகக் கேட்கிறவர் இருட்டில் இருந்தார், அப்பாவைப் போல.

வானொலியோடு ஒரு வித்தியாசம் உண்டு. வானொலி அலை கேட்க ஆளில்லாத காட்டுக்கும் கடலுக்கும் போகிறது. மல்டிகாஸ்ட் அப்படிப் போகாது. எங்கள் ஊர்த் தோட்டங்களில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிணற்றடியில் இறைப்பவர் ஒரு தடவைதான் இறைக்கிறார். தண்ணீர் ஒரே வாய்க்காலில் ஓடி, கிளை பிரிகிற இடத்தில் பிரிந்து, வாய் திறந்திருக்கும் பாத்திக்கு மட்டும் பாய்கிறது. எந்தப் பாத்தி திறந்திருக்கிறது என்று பார்க்க இறைப்பவர் எழுந்து போவதில்லை. மண்வெட்டியோடு நிற்பவர் பார்த்துக்கொள்வார். இங்கே மண்வெட்டியோடு நிற்பது ரவுட்டர். டீரிங்கும் இருவரும் சேர்ந்து 1988இல் எழுதிய டிவிஎம்ஆர்பி என்ற முதல் வழிகாட்டு முறை இன்னும் பச்சையாக இருந்தது. முதலில் எல்லாப் பக்கமும் தண்ணீரைத் திறந்துவிடும். வேண்டாத பாத்திகள் "போதும், அடையுங்கள்" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாயாக அடைத்துக்கொண்டு வரும்.

சிக்கல் ஒன்று மிச்சமிருந்தது. இணைய முகவரி ரவுட்டர்களுக்கு இடையில்தான் பேசும். கடைசிக் கம்பியில் போகும்போது ஈதர்நெட்டின் சொந்த முகவரி ஒன்று உறைமேல் வேண்டும். குழு எண்ணின் முதல் நான்கு பிட் எல்லாவற்றுக்கும் பொது என்பதால் மீதி 28 பிட்டை ஈதர்நெட் முகவரிக்குள் வைக்கவேண்டும். ஈதர்நெட் முகவரிகளைத் தொகுதி தொகுதியாக விற்பது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு. ஒரு தொகுதியில் 24 பிட்டுக்குத்தான் இடம். ஆகவே 28 பிட்டுக்கு 16 தொகுதிகள் வேண்டும். எங்கள் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையின்படி, ஒரு தொகுதியின் விலை அப்போது 1,000 டொலர். டீரிங் 16 கேட்டார். இணைய எண்களுக்கெல்லாம் கணக்கப்பிள்ளையாக இருந்த ஜோன் போஸ்டல், 16,000 டொலருக்கு எங்கே போவது என்று ஒன்றே ஒன்றை வாங்கி, அதிலும் பாதியை வேறு தேவைகளுக்கு வைத்துக்கொண்டு மீதிப் பாதியைக் கொடுத்தார். அந்தப் பாதிக்குள் 23 பிட்டுக்குத்தான் இடம்.

கதையின் பணக்கணக்கு எப்படியிருந்தாலும் 23 பிட் என்பது ஆர்எஃப்சி 1112இல் எழுதி வைத்த விதி. 28ஐ 23க்குள் அடைக்க ஐந்து பிட்டை வெட்டி எறிந்தார்கள். விளைவு, 32 வெவ்வேறு குழுக்களுக்கு ஈதர்நெட்டில் ஒரே முகவரி. இந்த விதியை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். ஆனாலும் அது என் கழுத்தைப் பிடிக்கும்வரை எனக்குப் புரியவில்லை.

கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு நிதி நிறுவனத்துக்காக வேலை செய்தேன். பங்கு விலைகளை வர்த்தகர்களின் மேசைக் கணினிகளுக்கு மல்டிகாஸ்டில் அனுப்பும் ஒரு சோதனை அமைப்பு. குழு எண் வைக்கும் பொறுப்பு என்னுடையது. நிறுவனங்கள் உள்ளே சொந்தமாக வைத்துக்கொள்வதற்கு 239இல் தொடங்கும் எண்கள் இருக்கின்றன. நான் அழகாக இருக்கிறதென்று 239.128.0.5ஐத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் காலை சந்தை திறந்த சில நிமிடங்களில் அந்த மாடியிலிருந்த தொலைபேசிகள் எல்லாம் திக்கத் தொடங்கின. அவையும் அதே வலையமைப்பில் ஓடியவை. என் சோதனை, கேட்காத கணினிகள், அச்சுப்பொறிகள், தொலைபேசிகள் என்று எல்லாக் கம்பிகளிலும் வெள்ளமாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு இரவு தேடினேன். காரணம் ஒரு பிட். 128 என்பதன் தலைப் பிட் அந்த வெட்டுப்பட்ட ஐந்தில் ஒன்று. அதை எடுத்துவிட்டால் 239.128.0.5க்கும் 224.0.0.5க்கும் ஈதர்நெட்டில் ஒரே முகவரி. 224.0.0.5 என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதை விசாரிக்கும் குழு. அந்த வரிசையில் வருவதை எந்தக் காரணம் கொண்டும் தடுக்காமல் எல்லாப் பக்கமும் விடவேண்டும் என்பது ஸ்விட்ச்களுக்கு இடப்பட்ட கட்டளை. என்னுடைய விலைப்பட்டியல் அரச வாகனத்தின் இலக்கத்தகட்டை மாட்டிக்கொண்டு போயிருக்கிறது, காவல்காரர்கள் எல்லாக் கதவையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். போஸ்டலின் சிக்கனம் பதினைந்து வருடம் கழித்து என் தலையில் விழுந்தது. மேலாளரிடம் இந்த வரலாற்றைச் சொல்லிப் பார்த்தேன். அவர் ரசிக்கவில்லை.

டீரிங்கின் கணக்கு வெளி உலகத்துக்கு வந்தது, நான் சைக்கிள் சுற்றிய அதே 1992இல். அந்த மார்ச் மாதம் இணையப் பொறியாளர்களின் கூட்டம் சான் டியாகோவில் நடந்தது. கூட்டத்தில் பேசியவர்களின் குரல் மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு இணையம் வழியாக மல்டிகாஸ்டில் போனது. அன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றுக்கு மல்டிகாஸ்ட் தெரியாது. ஆகவே தெரிந்த கணினிகளை அங்கங்கே தீவுகள் போல வைத்து, நடுவில் தெரியாத பகுதிகளைச் சுரங்கம் போட்டுக் கடந்தார்கள். மல்டிகாஸ்ட் பாக்கெட்டைச் சாதாரண உறைக்குள் போட்டு அனுப்பி, மறுகரையில் பிரித்தெடுக்கிற தந்திரம். இந்தத் தீவுக்கூட்டத்துக்கு எம்போன் என்று பெயர் வந்தது.

எம்போனின் சில வருடங்கள் ஒரு திருவிழா. விண்வெளி ஓடங்களின் பயணங்களை நாசா அதில் விட்டது. வான் ஜேக்கப்சனும் ஸ்டீவ் மெக்கேனும் எழுதிய விக் என்ற மென்பொருளில் தபால்தலை அளவுக்கு முகங்கள் அசைந்தன. என்ன நிகழ்ச்சிகள் நடக்கின்றன என்று காட்ட ஒரு பட்டியல் மென்பொருள் இருந்தது. நிகழ்ச்சி நடத்த விரும்புகிறவர் குழு எண்ணொன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்து அந்தப் பட்டியலில் அறிவித்துவிடுவார். பதிவுக் கட்டணம் இல்லை. எண்ணுக்குச் சொந்தக்காரரும் இல்லை.

இந்தத் திறந்த வாசலால் என்ன நடக்கும் என்பதற்கு 1994 நவம்பர் 18 சாட்சி. அன்று டல்லஸ் நகரின் கொட்டன் போல் மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு பாடியது. நிகழ்ச்சியின் ஒரு பகுதியை எம்போனில் விட ஏற்பாடு. அது தொடங்குவதற்குச் சற்று முன்னர் அதே எம்போனில் வேறொரு இசைக்குழு வந்து பாடத் தொடங்கிவிட்டது. சிவியர் டயர் டேமேஜ் என்பது அவர்களின் பெயர். சிலிக்கன் பள்ளத்தாக்கின் ஆய்வுக்கூடங்களில் பகலில் வேலை பார்த்த கணினி விஞ்ஞானிகள் சேர்ந்து அமைத்த குழு. மேளம் அடித்தவர் ஸெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தின் மார்க் வைஸர், கணினி சுவரிலும் சட்டைப்பையிலும் கரைந்து மறைந்துவிடும் என்று முன்கூட்டிச் சொன்னவர். இவர்கள் 1993 ஜூனிலேயே எம்போனில் நேரடியாகப் பாடியவர்கள். உலகப் புகழ்பெற்ற குழுவுக்கு முன்னால் மேடையேற யாரிடம் அனுமதி கேட்பது? யாரும் அனுப்பலாம் என்பதுதான் ஆர்எஃப்சி 1112இன் விதி. அவர்கள் விதியைப் பின்பற்றினார்கள், அவ்வளவுதான். அந்த மாலையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கூடவே, எம்போன் ஏன் நீடிக்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது என்று தோன்றும்.

நான் அதன் கடைசிக் காலத்தைப் பார்த்தேன். 2002இல் லண்டனில் எங்கள் துறையில் அக்சஸ் கிரிட் என்ற கூட்ட அறை இருந்தது. சுவர் முழுக்கப் படம், பல பல்கலைக்கழகங்கள் ஒரே நேரத்தில். உள்ளே ஓடியது அதே விக். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பகுதிநேர வேலை எனக்குக் கிடைத்தது. பெரும்பாலும் வேலை செய்யாது. ஒரு பல்கலைக்கழகத்தின் முகம் தெரியும், குரல் வராது. இன்னொன்றுக்கு எங்களைக் கேட்கும், எங்களுக்கு அவர்களைக் கேட்காது. நடுவில் எந்த ரவுட்டர் வாயை அடைத்துவிட்டது என்று கண்டுபிடிக்கப் பல நிறுவனங்களைத் தொலைபேசியில் கெஞ்சவேண்டும். கடைசியில் "பிரிட்ஜ்" என்ற குறுக்குவழியைப் போடுவோம். அதாவது ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி. மல்டிகாஸ்ட் அறையில் உட்கார்ந்து யூனிகாஸ்டில் பேசினோம்.

ஏன் தோற்றது என்பதற்குப் பொறியாளர்கள் பல காரணம் சொல்வார்கள். ஒவ்வொரு குழுவையும் ஒவ்வொரு ரவுட்டரும் நினைவில் வைத்திருக்கவேண்டும், இது பாரம். பாக்கெட் தொலைந்தால் திருப்பி அனுப்பச் சொல்ல வழியில்லை. அனுப்புகிறவர் யாராகவும் இருக்கலாம் என்பதால் விஷமிகளுக்கும் வாசல் திறந்தே இருந்தது. 2001 ஜனவரியில் ராமன் என்ற புழு நிரல் பரவியது. இராமாயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஜப்பானிய நூடில்ஸின் பெயர். அது கண்ட கண்ட முகவரிகளை எல்லாம் தட்டிப் பார்த்தபோது குழு எண்களையும் தட்டியது. ஒவ்வொரு தட்டலையும் "புதிய நிகழ்ச்சி தொடங்குகிறது" என்று ரவுட்டர்கள் நம்பி, உலகம் முழுக்க ஒன்றுக்கொன்று அறிவித்து மூச்சுத் திணறின. இன்னொன்றும் நியாயமான காரணம்: மக்கள் ஒரே நேரத்தில் பார்க்க விரும்பவில்லை. அவரவருக்கு வசதியான நேரத்தில் பார்க்கவும், நடுவில் நிறுத்திவிட்டுத் தேநீர் போடவும் விரும்பினார்கள்.

இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் கல்லாப்பெட்டி என்றுதான் நினைக்கிறேன். ஒரு தடவை இறைத்த தண்ணீர் ஆயிரம் பாத்திக்குப் பாய்ந்தால் யாரிடம் எவ்வளவு வாங்குவது? அனுப்பியவர் ஒரு பாக்கெட்தான் அனுப்பினார். கேட்டவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியாது, சேவை நிறுவனத்துக்கும் தெரியாது. எண்ண முடியாத கூட்டத்துக்கு விளம்பரம் விற்க முடியாது. 1998இல் தொடங்கிய அகமாய் போன்ற நிறுவனங்கள் ஊருக்கு ஊர் களஞ்சியம் வைத்து, அங்கிருந்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தன. தண்ணீர் பலமடங்கு செலவாகும், ஆனால் ஒவ்வொரு குடத்துக்கும் கணக்கு இருக்கும். இதிலொரு வேடிக்கை. மல்டிகாஸ்டின் பிறப்பில் பங்குகொண்ட பேராசிரியர் செரிட்டன் பின்னாளில் பெரும் செல்வந்தர் ஆனார். அவர் ஆரம்ப நாட்களிலேயே பணம் போட்ட நிறுவனம் கூகுள். இன்று ஆளுக்கொரு பிரதி அனுப்பும் யூடியூப் அதன் சொத்து.

விதிகளும் மெல்ல மாறின. 2002இல் வந்த ஐஜிஎம்பியின் மூன்றாவது பதிப்பில் அந்த மௌனம் போய்விட்டது. மற்றவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு கணினியும் தன் பெயரைத் தானே சொல்லவேண்டும். செரிட்டனும் அவருடைய இன்னொரு மாணவர் ஹியூ ஹோல்புரூக்கும் 1999இல் முன்வைத்த யோசனையின்படி, குழு எண்ணோடு அனுப்புகிறவரின் முகவரியையும் சேர்த்துச் சொன்னால்தான் தண்ணீர் திறக்கப்படும். நல்ல பாதுகாப்பு. சிவியர் டயர் டேமேஜ் இனி உள்ளே வரமுடியாது. 2020 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 8815, நிறுவன எல்லைகளைத் தாண்டும் இடங்களில் யாரும் அனுப்பலாம் என்ற பழைய முறையைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. இதற்கிடையில் 2011 பெப்ரவரியில் உலக இருப்பிலிருந்த பழைய இணைய முகவரிகள் பகிர்ந்து முடிந்துவிட்டன. முகவரிக்கு அலைந்த அந்த உலகில், குழுக்களுக்கென்று ஒதுக்கிய 26 கோடி எண்களில் மிகப் பெரும்பகுதி பூட்டிய அரண்மனையாகக் கிடந்தது.

திறந்த வெளியில் தோற்றது, மதில் போட்ட வளவுகளுக்குள் வென்றது. அங்கே எல்லா ரவுட்டரும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். தொலைபேசி நிறுவனங்கள் வீட்டுக்குக் கொடுக்கும் தொலைக்காட்சி பெரும்பாலும் மல்டிகாஸ்டில்தான் ஓடுகிறது. பங்குச் சந்தைகள் இன்னும் சிறந்த உதாரணம். அங்கே எல்லோருக்கும் விலை ஒரே கணத்தில் போய்ச் சேரவேண்டும். ஆளுக்கொரு பிரதி அனுப்பினால் வரிசை வந்துவிடும், வரிசையில் முதல் ஆள் என்று ஒருவர் இருப்பார்.

அந்த முதல் ஆள் எவ்வளவு பெறுமதியானவர் என்பது மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையின் கதையில் வெளிப்பட்டது. அங்கே நொடிக்கு நொடி விலை விவரம், தரகர்களின் கணினிகளுக்கு ஒருவர் பின் ஒருவராக, தனித்தனி இணைப்புகளில் போய்க்கொண்டிருந்தது. காலையில் சேவையகத்தோடு முதலில் இணைந்தவருக்கு முதலில். பின்னால் இருந்தவருக்கு நொடியின் மிகச் சிறிய பின்னம் தாமதம், இயந்திரங்கள் வாங்கி விற்கும் சந்தையில் அதுவே தாராளம். 2014இல் சந்தை மல்டிகாஸ்டுக்கு மாறியது. 2015இல் பெயர் சொல்லாத ஒருவரின் கடிதம் பழைய முறையை அம்பலப்படுத்தியது. 2019 ஏப்ரலில் 624.89 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பிக் கட்டும்படி கட்டுப்பாட்டு அமைப்பான செபி சந்தைக்கு ஆணையிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்துச் செய்து, உரிய கவனம் எடுக்கவில்லை என்பதற்காக 100 கோடி கட்டச் சொன்னது. சட்டம் கடைசியில் எப்படித் தீர்த்தாலும், ஒரு வலையமைப்பு மாணவன் முதல் பருவத்தில் படிக்கும் வித்தியாசம் இத்தனை கோடிக்கு வழக்காகும் என்று என் விரிவுரையாளர் கூட நினைத்திருக்கமாட்டார்.

மல்டிகாஸ்ட் ஒளிந்திருக்கும் இன்னொரு வளவு உங்கள் வீடு. கைப்பேசி அச்சுப்பொறியைத் தேடும்போது 224.0.0.251 என்ற குழுவைப் பார்த்து "யாராவது இருக்கிறீர்களா?" என்று குரல் கொடுக்கிறது. டீரிங் பின்னர் பாப் ஹிண்டனோடு சேர்ந்து வடிவமைத்த ஐபி ஆறாம் பதிப்பில் பிராட்காஸ்ட் என்பதே கிடையாது. பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிக்கக்கூடக் குழு முகவரிதான். இந்த முறை ஈதர்நெட்டில் இடப்பஞ்சம் இல்லை. 33:33 என்ற முன்னொட்டை எடுத்துக்கொண்டு, பின்னால் 32 பிட்டையும் தாராளமாக விட்டார்கள்.

33:33 ஏன்? போன வருடம் வேலை விஷயமாகக் கலிபோர்னியா போனபோது, பாலோ ஆல்ட்டோவில் ஒரு மேட்டு வீதியில் காரை நிறுத்திப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்தேன். 3333, கயோட்டி ஹில் வீதி. டீரிங் 1990களில் வேலை செய்த, மேளக்காரர் வைஸரும் இருந்த ஸெராக்ஸ் பார்க்கின் கட்டட இலக்கம் அது. அந்த இலக்கம்தான் முன்னொட்டில் இருக்கிறது என்று ஒரு ஆர்எஃப்சி குறித்து வைத்திருக்கிறது. வீடில்லாத முகவரிகளை உண்டாக்கியவர்கள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் தங்கள் வீட்டு இலக்கத்தை எழுதிவிட்டிருக்கிறார்கள்.

அந்தப் படத்தை ஸ்கார்புரோவுக்குத் திரும்பி வந்து அப்பாவுக்குக் காட்டினேன். அவருக்கு 80 ஆகிறது. "உதிலை என்ன இருக்கு, வெறும் நம்பர்தானே" என்றார். அவர் அப்போது நல்லூர்த் திருவிழாவை யூடியூபில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே இரவு, அங்கே காலை. தேர் அசையத் தொடங்கியிருந்தது. திரையின் கீழே ஒரு எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"எத்தினை பேர் பாக்கினம் எண்டு காட்டுறாங்கள் அப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அந்த எண்ணைப் பார்த்தார்.

"அதுக்கை என்னையும் எண்ணிப்போட்டாங்களோ?"

"ஓம் அப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எட்டிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.